தாயும் சேயும் நலம்பெற காசு எங்கே இருக்கிறது?

(அடுக்குமாடிக் குடியிருப்பு மக்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். வேலை காரணமாக வர முடியாத குடும்பங்களும் படித்துப் பயன்பெற இங்கே வெளியிடுகிறோம்.)



ஒரு வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. இன்று நான் பேசப்போவது காசைப் பற்றி. உண்டியல் குலுக்க வரவில்லை, பயப்பட வேண்டாம்! நம் வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாகும் நாள் தொடங்கி, பிறந்த குழந்தை நடை பழகும் நாள் வரை, அவர்களைக் காக்க ஆகும் காசு எவ்வளவு? அது யார் கையில் இருக்கிறது? அதை நாம் எப்படிக் கேட்டு வாங்குவது? இந்த மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

நாடு ஜெயித்த கதை

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 1957ல் நாடு சுதந்திரம் பெற்றபோது, உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளில் 75க்கும் மேல் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. பிரசவத்தில் இறந்த தாய்மார்கள், 1 இலட்சம் பிரசவத்துக்கு 280 அளவில் இருந்தார்கள். உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு எட்டு, தங்கினது அஞ்சு" என்று சாதாரணமாகச் சொல்வார். அந்தக் காலத்தில் அது ஊர் வழக்கம் மாதிரி.

2020ல் அந்தத் தாய் மரணக் கணக்கு 1 இலட்சத்துக்கு 25 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளைக் கட்டித்தான் இதைச் சாதித்தார்கள் என்று நினைக்காதீர்கள். கிராமங்களில் சின்னச் சின்னக் கிளினிக்குகள் கட்டினார்கள். அதில் பயிற்சி பெற்ற மருத்துவச்சியை வைத்தார்கள். ஊரில் ஏற்கெனவே பிரசவம் பார்த்துவந்த கம்பத்து மருத்துவச்சியை விரட்டாமல், பயிற்சி கொடுத்துக் கூட வைத்துக்கொண்டார்கள். கர்ப்பிணியின் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டி, யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று பிரித்தார்கள். 1991 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக விசாரித்து, எங்கே தவறு நடந்தது என்று பார்க்கிறார்கள். உலக வங்கி 2003ல் மலேசியாவையும் இலங்கையையும் பற்றி ஒரு நூலே வெளியிட்டது. அதிகம் பணம் இல்லாத நாடும் தாய்மார்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இந்த இரண்டு நாடுகளும் சாட்சி என்பதுதான் அதன் சாரம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் நோயும் தொற்றுவதை ஒழித்துவிட்ட நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது.

அப்படியானால் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2021ல், கோவிட் காலத்தில், அதே தாய் மரணக் கணக்கு 68.2 ஆக எகிறியது. இந்த வெற்றி கல்லில் செதுக்கியது அல்ல, கவனம் சிதறினால் கையை விட்டுப் போய்விடும் என்பதை அந்த ஓர் ஆண்டு காட்டியது. அது மட்டுமல்ல, நாடு முழுவதற்கும் சொல்லும் சராசரிக்கு அடியில் நம்மைப் போன்ற குடும்பங்கள் ஒளிந்து கிடக்கின்றன. சராசரி என்பது நிழல் மாதிரி. நடுவில் நிற்பவனுக்குக் கிடைக்கும், ஓரத்தில் நிற்பவன் வெயிலில்தான் நிற்பான்.

தோட்டம் போனது, ஆயாக் கொட்டகையும் போனது

நம் கதை கொஞ்சம் தனிக் கதை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், தோட்டத்துப் பெண்ணுக்குப் பிரசவ உதவித் தொகை கொடுக்க வேண்டும் என்று இருந்தது. தோட்டத்தில் டிரெஸ்ஸர் இருந்தார். மருந்து வீடு இருந்தது. பால்மரம் வெட்டப் போகும் தாய், பிள்ளையை விட்டுப் போக ஆயாக் கொட்டகை இருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் கலந்த பால், ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் ஊற்றிய கதை எல்லாம் நமக்குத் தெரியும். ஆனாலும் காலையில் பெயர் கூப்பிடும்போது ஒரு பெண் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருந்தார்.

அதே சமயம், தோட்டம் தனியார் நிலம். அங்கே உள்ளவர்களின் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொன்னது. அரசாங்கத்தின் கிராமக் கிளினிக்குகள் கம்பங்களை நோக்கித்தான் போயின. நாடு பெற்ற அந்த வெற்றியின் கதவு நமக்கு முழுதாகத் திறக்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் வீடமைப்புக்கும் கோல்ப் திடலுக்கும் விற்கப்பட்டன. இலட்சக்கணக்கான நம் மக்கள் மூட்டை முடிச்சோடு நகரத்து ஓரத்துக்கு வந்தார்கள். முதலில் புறம்போக்கு, பிறகு நீண்ட வீடு, பிறகு இந்த அடுக்குமாடி. தோட்டத்தை விட்டு வந்தபோது டிரெஸ்ஸரையும் ஆயாவையும் யாரும் கூட அனுப்பி வைக்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக இன்னொருவரை இங்கே நியமிக்கவும் இல்லை. பதினேழு மாடியில் ஒரு கர்ப்பிணி இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்றால், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. இந்த இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும் என்கிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

யூனிசெப் அமைப்பு 2018ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பகுதிகளில் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு அது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் குன்றிப்போயிருந்தார்கள். 15 விழுக்காட்டினருக்கு வயதுக்கு ஏற்ற எடை இல்லை. இரட்டைக் கோபுரத்தின் விளக்கு ஜன்னலில் தெரியும் வீடுகள் அவை!

பிள்ளை குன்றிப்போவது ஐந்து வயதில் தொடங்குவதில்லை. தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் கர்ப்பிணிகளில் 29.3 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது. பத்துப் பேரில் மூவர்! இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து. எடை குறைந்த பிள்ளை பிறக்கவும் அது ஒரு காரணம்.

அடுத்தது இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. இந்த நோய் நம் வீட்டில் தாத்தாவோடு நின்றுவிடுவதில்லை. கர்ப்ப காலத்திலும் எட்டிப் பார்க்கிறது. கவனிக்காமல் விட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கலாகும், பிறந்த உடனே பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கும், தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடும். கிளினிக்கில் இனிப்புத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி இரத்தம் எடுக்கிறார்களே, அது இதைக் கண்டுபிடிக்கத்தான். "வாந்தி வருது, அடுத்த வாட்டி பார்க்கலாம்" என்று தட்டிக் கழிக்கும் சோதனையும் அதுதான்.

மூன்று தாமதங்கள்

தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்பதைப் பற்றி 1994ல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூன்று தாமதங்கள்தான் உயிரைக் குடிக்கின்றன என்றார்கள். முதலாவது, போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம். இரண்டாவது, போய்ச் சேருவதில் தாமதம். மூன்றாவது, போன இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

இதை நம் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். தலை வலிக்கிறது, கண் மங்குகிறது, முகம் வீங்குகிறது. "மாசமா இருந்தா அப்படித்தான்" என்கிறார் மாமியார். கணவர் லோரியில் ஜொகூருக்குப் போயிருக்கிறார். அவரைக் கேட்காமல் எப்படிப் போவது? இது முதல் தாமதம். போகலாம் என்று முடிவெடுத்த பிறகு லிப்ட் ஓடவில்லை, வாடகைக் காருக்குக் காசில்லை, மற்ற பிள்ளைகளை யாரிடம் விடுவது? இது இரண்டாவது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இளஞ்சிவப்புப் புத்தகம் வீட்டில். அடையாள அட்டைச் சிக்கல். மிஸ்ஸி மலாயில் கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது மூன்றாவது.

குடிமக்களுக்குக் கர்ப்பகாலச் சோதனை அரசாங்கக் கிளினிக்கில் ஏறக்குறைய இலவசம்தான். ஆனால் கிளினிக் இலவசமாக இருப்பதால் போகும் வழியும் இலவசமாகிவிடாது. நாள் சம்பளக்காரிக்கு ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அரசாங்கத்தின் காசு ஆஸ்பத்திரி வாசல் வரை வருகிறது. நம் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை உள்ள தூரத்துக்குத்தான் காசு இல்லை. சமூகத் திட்டம் என்று நான் சொல்வது அந்தத் தூரத்துக்கான திட்டம்.

இது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். இந்தியாவில், மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில், டாக்டர் அபய் பாங், டாக்டர் ராணி பாங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் கணக்கு 62 விழுக்காடு குறைந்தது என்று 1999ல் ஆய்வு வெளியானது. நேப்பாளத்தின் மக்வான்பூரில் அதுகூட இல்லை. பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசினார்கள், பிரச்சினையை அடையாளம் கண்டார்கள், அவர்களே தீர்வு தேடினார்கள். அங்கே இத்தகைய இறப்பு 30 விழுக்காடு குறைந்ததாக 2004ல் ஆய்வு சொன்னது.

அங்கே பெரும்பாலும் வீட்டில் பிரசவம். இங்கே நம் பெண்கள் ஆஸ்பத்திரியில்தான் பிரசவிக்கிறார்கள். அதனால் அவர்கள் செய்ததை அப்படியே நாம் செய்ய வேண்டியதில்லை. நமக்கு வேண்டியவை நான்கு வேலைகள்.

ஒன்று: ஒவ்வொரு புளோக்கிலும் இரண்டு பெண்கள், கர்ப்பிணிகளின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். யாருக்கு எப்போது கிளினிக் தேதி, யார் போகவில்லை என்று பார்த்து, வாரம் ஒருமுறை கதவைத் தட்ட வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்குள் முதல் பதிவு நடக்க வேண்டும். நாலு மாதம், ஐந்து மாதம் என்று ஒளித்து வைப்பது கண்ணுக்குப் பயந்து உயிரைப் பணயம் வைப்பது.

இரண்டு: வண்டி. இரவு இரண்டு மணிக்கு யார் வண்டி எடுப்பார் என்று பெயர் எழுதிய தாள் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டியிருக்க வேண்டும். அவசரத்துக்கு 999 இருக்கிறது. ஆனால் மற்ற நாள்களில் கிளினிக்குக்குப் போய்வரவும் ஆள் வேண்டும்.

மூன்று: சாப்பாடு. முட்டை, பால், நெத்திலி, கீரை, பருப்பு. ஒன்றை மட்டும் இன்றே செய்யலாம், காசே வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு குடியுங்கள், கூடவே ஓர் ஆரஞ்சோ கொய்யாவோ சாப்பிடுங்கள். தேத்தண்ணி வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு: பிரசவத்துக்குப் பிந்திய நாள்கள். நம்மில் பலர் இதைத்தான் மறந்துவிடுகிறோம். பிள்ளை பிறந்த முதல் பத்து நாள்களில் கிளினிக் மிஸ்ஸி பல தடவை வீடு தேடி வருவார். நம் பெண்ணோ தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். மிஸ்ஸி பழைய விலாசத்தில் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார். மஞ்சள் காமாலை, காய்ச்சல், இரத்தப் போக்கு எல்லாம் தலைகாட்டும் நாள்கள் அவை. எந்த வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்று பிரசவத்துக்கு முன்பே கிளினிக்கில் எழுதிக் கொடுங்கள். அந்த வட்டாரக் கிளினிக்குக்கு அவர்களே தகவல் அனுப்புவார்கள். பிள்ளையை வெயிலில் காட்டினால் காமாலை போய்விடும் என்று காத்திருக்காதீர்கள். பத்தியம் என்று தாயை வெறும் சோற்றில் விடாதீர்கள். பால் கொடுப்பவளுக்குத்தான் சாப்பாடு அதிகம் வேண்டும். காரணம் இல்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள் என்றால், "பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

காசு எவ்வளவு?

இப்போது கணக்குக்கு வருவோம். 300 வீடு உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பன்னிரண்டு கர்ப்பிணிகள் என்று வைத்துக்கொள்வோம். இது என் உத்தேசக் கணக்கு. உங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளினிக்குக்குப் போய்வர, ஒருவருக்குப் பத்துத் தடவை, தடவைக்கு 15 வெள்ளி: 1,800 வெள்ளி.
வீடு வீடாகப் போகும் இரண்டு பெண்களுக்கு மாதம் 200 வெள்ளி வீதம்: 4,800 வெள்ளி.
இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இரண்டு: 400 வெள்ளி.
சத்துணவுக்கு ஒருவருக்கு மாதம் 50 வெள்ளி, ஆறு மாதம்: 3,600 வெள்ளி.
அவசரக் கையிருப்பு: 1,500 வெள்ளி.
தாள், தொலைபேசி, இதர செலவு: 600 வெள்ளி.

மொத்தம் 12,700 வெள்ளி. 300 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் நான்கு வெள்ளிகூட வராது. ஒரு ரொட்டி சானாய், ஒரு தேத்தண்ணி!

இதில் அந்த 4,800 வெள்ளியைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். "சேவைக்குச் சம்பளமா?" என்பார்கள். ஆம், கொடுக்க வேண்டும். பெண்களின் வேலை என்றால் சும்மா செய்ய வேண்டும் என்று நினைப்பது நாமே நம் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். சும்மா செய்யச் சொன்னால் மூன்று மாதத்தில் திட்டம் படுத்துவிடும்.

காசு யார் கையில்?

நாமே எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் வரி கட்டுகிறோம். உழைப்பைக் கொடுக்கிறோம். மூன்று கதவுகள் இருக்கின்றன. மூன்றையும் தட்டுவோம்.

முதல் கதவு அரசாங்கம். இந்திய சமுதாயத்துக்காக 2014ல் செடிக் என்று தொடங்கி, 2018ல் மித்ரா என்று பெயர் மாறிய அமைப்பு இருக்கிறது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே அளவில் ஒதுக்கீடு வந்தது. அந்தப் பணம் போன வழியைப் பற்றி 2021ல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதும் சிலர் கைதானதும் நாடறிந்த செய்தி. பாலர் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள், தொழிற்பயிற்சிக்குக் கொடுக்கிறார்கள். நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாலர் பள்ளிக்கு வரும் பிள்ளை நான்கு வயதில் வருகிறது. மூளையும் உடம்பும் வேகமாக வளரும் காலம் வயிற்றில் இருக்கும் நாளும் முதல் இரண்டு வயதும் அல்லவா? அதற்கு எவ்வளவு என்று கேட்போம். 10 கோடியில் 1 விழுக்காடு என்றால் 10 இலட்சம் வெள்ளி. நான் சொன்ன கணக்குப்படி 78 குடியிருப்புகளுக்கு ஓராண்டு திட்டம் நடத்தலாம்! வரவு செலவுத் திட்டம் அக்டோபரை ஒட்டித்தான் நாடாளுமன்றத்துக்கு வரும். அக்டோபரில் கேட்டால் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த கதை. ஆறு மாதம் முன்பே மனு போக வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் தொகுதி ஒதுக்கீடு உண்டு. ஓட்டுக் கேட்க நம் புளோக்குக்கு வந்தவர்தானே, நாம் அவர் அலுவலகத்துக்குப் போவதில் என்ன கூச்சம்?

ஏற்கெனவே இருப்பதையும் கேட்டு வாங்குங்கள். எடை குறைந்த, ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளுக்குச் சுகாதார அமைச்சு 1989 முதல் உணவுக் கூடைத் திட்டம் நடத்தி வருகிறது. பிள்ளையின் புத்தகத்தில் எடைக்கோடு கீழே இறங்கினால், "இவனுக்கு அந்த உதவி கிடைக்குமா?" என்று மிஸ்ஸியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது கதவு முதலாளி. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஐந்து பிள்ளைகள் வரை சம்பளத்தோடு. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும், கடைசி நான்கு மாதத்தில் அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். தகப்பனுக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. அதற்கு ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும், முப்பது நாளுக்கு முன் தெரிவிக்க வேண்டும். கர்ப்பம் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி குற்றம். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் கூட்டித் துடைக்கும் குத்தகை வேலையில் நம் பெண்கள் நிறைய பேர். "நீ குத்தகை ஆள், உனக்குக் கிடையாது" என்று சூப்பர்வைசர் சொன்னால் நம்பாதீர்கள். தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். சம்பளத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் சாட்சி. இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தைக் காப்பகம், சுகாதார வசதி பற்றி 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் பேசுகிறது. ஆயாக் கொட்டகை முதலாளி போட்ட பிச்சை அல்ல, சட்டம்!

மூன்றாவது கதவு நம்முடையது. கோயில் நிர்வாகத்திடம் பணிவோடு கேட்கலாம். திருவிழாவை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அன்னதானத்தில் ஒரு பங்கு கர்ப்பிணி வீட்டுக்குப் போகட்டும் என்று கேட்போம். அம்மனுக்கு வளைகாப்பு நடத்தும் ஊரில், பிள்ளை சுமக்கும் பெண் பசியோடு இருக்கலாமா?

ஆனால் கவனம். பணம் சேர்க்கும்போது கூட்டுப் பிடிப்பது போல நடத்தாதீர்கள். கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சங்கப் பதிவிலாகாவில் முறையாகப் பதிந்த சங்கத்தின் கீழ், வங்கிக் கணக்கில், இரண்டு மூன்று பேர் கையெழுத்தோடு நடத்துங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மாதாமாதம் வரவு செலவை லிப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். மித்ரா கணக்கைக் கேட்கும் நாம், நம் கணக்கை மூடி வைத்தால் எந்த முகத்தோடு கேட்பது?

பத்திரம் இல்லாத தாய்

கடைசியாக ஒன்று. குடியுரிமையைக் காட்டப் பத்திரம் இல்லாத தாய்க்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம். பல நூறு, ஆயிரம் வெள்ளி என்று போகும். அதற்குப் பயந்து கிளினிக் பக்கமே போகாத பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தும் இந்த நிலை!

இதில் நம் கையில் உள்ளதைச் செய்வோம். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை, குடியுரிமை விஷயத்தில் தாயைத்தான் தொடரும். தகப்பனிடம் நீல அட்டை இருந்தும், தாயிடம் இல்லாததால் பிள்ளை நாடற்றதாகிவிடும். பிள்ளை பிறந்தவுடன், தள்ளிப்போடாமல் பிறப்பைப் பதியுங்கள். பெயர் ராசிக்குக் காத்திருந்து கெடுவைத் தாண்டிவிடாதீர்கள். 2024ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தம், சிவப்பு அட்டைப் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பிறப்பால் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிடுகிறது. ஆகவே சிவப்பு அட்டை உள்ளவர்கள் குடியுரிமை விண்ணப்பத்தை இனியும் ஒத்திப்போடக் கூடாது. நம் திட்டத்தின் அவசரக் கையிருப்பில் முதல் உரிமை பத்திரம் இல்லாத தாய்க்குத்தான் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு அவள் யார் என்ற வழக்கு நடந்துகொண்டே இருக்கட்டும். வயிற்றில் இருக்கும் பிள்ளை தீர்ப்புக்காகக் காத்திருக்காது.

இன்று என்ன செய்வது?

கலைவதற்கு முன் மூன்று காரியம் முடிவாகட்டும். புளோக்குக்கு இரண்டு பெண்களின் பெயர். இரவில் வண்டி எடுக்கக்கூடிய ஐந்து பேரின் பெயர். சட்டமன்ற உறுப்பினரையும் மித்ரா அலுவலகத்தையும் பார்க்கப் போகும் மூவரின் பெயர். மனுவில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். இந்த 12,700 வெள்ளிக் கணக்கையும் உடன் வையுங்கள். "உதவி செய்யுங்கள்" என்றால் பை நிறைய அரிசி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். "இதற்கு இவ்வளவு, இன்ன தேதிக்குள்" என்றால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இளஞ்சிவப்புப் புத்தகத்தை நீங்களும் திறந்து படியுங்கள். எந்த நிறம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். "நான் ஊரில் இல்லாவிட்டாலும் ஆபத்து என்றால் என்னைக் கேட்காமலே கிளம்பு" என்று மனைவியிடம் இன்றே சொல்லி வையுங்கள். முதல் தாமதத்தை ஒழிக்க அந்த ஒரு வாக்கியம் போதும். அதற்கு ஒரு காசும் ஆகாது.

மற்றதற்கு ஆகும் காசை, சேர்ந்து கேட்டு வாங்குவோம்.